குறுக்கே கட்டிய x = 10

என் வீட்டுக்காரரின் அண்ணன் கணக்கு டியூஷன் நடத்துகிறார். பிறந்தபோது அவருக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். இப்போது அது யாருக்கும் தேவைப்படுவதில்லை. தெரு முழுக்க அவரை ‘ஃபார்முலா’ என்றுதான் சொல்லும். எனக்கு மட்டும் அவர் மாமா. வாய்க்கு மாமா, மனசுக்குள் நானும் ஃபார்முலாதான்.

எதையும் புரிந்துகொள்வது நேர விரயம் என்பது அவருடைய கொள்கை. எல்லாவற்றுக்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பார். பின்னத்துக்கு ஒரு பாட்டு, வட்டத்துக்கு ஒரு பாட்டு. வரைபடத்துக்கு அவர் கண்டுபிடித்ததுதான் இருப்பதிலேயே பிரபலம். ஹால் சுவரில் நீல பெயின்டில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்: ‘எக்ஸ் படுக்கும், ஒய் நிக்கும்.’ மாலை ஐந்து மணிக்கு நாற்பது பிள்ளைகள் அதைக் கோரஸாகக் கத்தும்போது என் தையல் மெஷினே ஒரு தையல் தவறவிடும்.

அந்த ஹால் என் மாமனார் விட்டுப்போனது. இருபதடிக்கு இருபதடி, சதுரம். முன்னால் தெருவைப் பார்த்து அகலமாக ஷட்டர். இடது பக்கம் ஒரு சந்து. பின் மூலையில் அந்தச் சந்துக்குள் திறக்கிற ஒரு மரக்கதவு. அந்தச் சந்தில் யாரும் நடப்பதில்லை. மாடி ஏசிகளின் தண்ணீர் சொட்டும், ஓடாத வண்டிகள் சாய்ந்து கிடக்கும், ஒரு பூனை மட்டும் உரிமையோடு உட்கார்ந்திருக்கும்.

ஹாலில் பாதி அவருடைய டியூஷன், பாதி என்னுடைய தையல் கடை. நடுவில் ஒரு திரை. என் மெஷின் சத்தத்தில் பிள்ளைகளுக்கு மூளை கலங்குகிறது என்று அவர் சொன்னார். அவர்கள் கத்தலில் என் வாடிக்கையாளர்கள் இடுப்பளவை மறந்துபோகிறார்கள் என்று நான் சொன்னேன். கடைசியில் சுவர் எழுப்பிவிடுவது என்று முடிவானது. ஒற்றுமையான குடும்பம். அதுவரை எங்கள் குடும்பத்தில் ஒரே பேச்சில் முடிந்த விஷயம் அது ஒன்றுதான்.

என் நாத்தனார் வீட்டுக்காரர் கட்டட வரைபடம் போடுகிறவர். அழகாக ஒரு படம் வரைந்து சுருட்டி எடுத்து வந்தார். ஃபார்முலா அதைப் பிரிக்கவே விடவில்லை.

“படமெல்லாம் சின்னப் பசங்களுக்கு மாப்பிள்ளை. சமன்பாட்டச் சொல்லுங்க, போதும். மத்தத நான் பாத்துக்கறேன்.”

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. மச்சான் ஆசைப்படுகிறாரே என்று சொன்னார்: “சரி மச்சான். வாசல்ல நின்னு உள்ள பாத்தா, இடது கைப் பக்கம் இருக்கற மூலைதான் ஆரம்பம். வலது பக்கமா போற தூரம் எக்ஸ். உள்ள போற தூரம் ஒய். சுவர், எக்ஸ் சமம் பத்து. சுவருக்கு இடது பாதி டியூஷனுக்கு, வலது பாதி தையல் கடைக்கு.”

ஃபார்முலா ஒரு வார்த்தை விடாமல் கரும்பலகையில் எழுதினார். x = 10 என்பதைச் சுற்றிக் கட்டம் போட்டார். கட்டத்துக்குக் கீழே ‘அழிக்காதே’ என்றும் எழுதினார்.

“நடுவுல, தெருவுலேருந்து உள்ளாற நேரா ஒரு சுவர்னு சொன்னா ஆகாதா மாமா?” என்று கேட்டேன்.

பள்ளிக் கணக்கில் நான் வாங்கிய மார்க் அவருக்குத் தெரியும். அந்த மார்க்கைப் பார்ப்பது போலவே என்னைப் பார்த்தார். “நேரான்னா எந்த நேரு? நாளைக்கு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. சமன்பாடு ஏமாத்தாதும்மா.”

சமன்பாடு ஏமாற்றவில்லை என்பதை நான் இன்றுவரை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வாரம் என் தங்கைக்கு ஆபரேஷன். மெஷினை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன். அவள் எழுந்து நடந்த பிறகு திரும்பி வந்து, பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு கடைக்குப் போனேன். ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே சுவர் எழும்பி, பூச்சும் முடிந்து காய்ந்துகொண்டிருந்தது. என் மெஷினைத்தான் காணவில்லை.

தெருவிலிருந்து உள்ளே போக வேண்டிய சுவர், தெருவுக்கு இணையாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குறுக்கே நின்றது. முன் பாதி முழுக்க பெஞ்சுகள், கரும்பலகை, ஃபார்முலா. என் கடை பின்னால். தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல்கூட இல்லாமல், சந்துக் கதவே கதியென்று.

பிறகு கொத்தனாரைப் பிடித்து விசாரித்தேன். அவர் பாவம், நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார்: “சார், ஷட்டருக்கு நேரா கட்டணுமா, குறுக்கா கட்டணுமா?” அதற்கு சார், “எக்ஸ் சமம் பத்து” என்று பதில் சொல்லியிருக்கிறார். கொத்தனார் பத்து மட்டும் புரிந்ததாகத் தலையாட்டியிருக்கிறார். பிறகு சார் சுவரில் எழுதியிருந்ததைத் திரும்பிப் பார்த்து, “எக்ஸ் படுக்கும். அதனால படுத்த கோடு. குறுக்கா கட்டு” என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார்.

என்னிடமும் அதையேதான் சொன்னார். “சமன்பாட்டுல எக்ஸ் மட்டும்தான் இருக்கு. எக்ஸ் அச்சு எப்படி இருக்கும்? படுத்திருக்கும். அப்போ எக்ஸ் சமம் பத்துன்னா பத்தாவது அடியில படுத்திருக்கற கோடு. இதுல என்னம்மா சந்தேகம்?”

“இடது பாதி உங்களுக்கு, வலது பாதி எனக்குன்னு எழுதியிருக்கே. இதுல ஏது இடது, ஏது வலது? முன்ன பின்னதானே இருக்கு?”

திரும்பிப் பலகையைப் பார்த்தார். பிறகு சமாளித்துக்கொண்டார். “மூத்தவன் முன்னாடி, இளையவன் பின்னாடி. உலக வழக்கம். பரப்பளவப் பாரு. எனக்கு இருநூறு சதுர அடி, உனக்கு இருநூறு சதுர அடி. ஒரு அடி குறைஞ்சிருக்கா?”

குறையவில்லை. தெரு மட்டும்தான் குறைந்திருந்தது.

அன்று அவர் திருட்டுத்தனம் செய்துவிட்டார் என்றே நினைத்தேன். வீட்டில் என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டடத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற தைரியசாலி. அண்ணன் என்றால் மட்டும் தரைத் தளத்தைத் தாண்ட மாட்டார்.

“அண்ணன் கணக்கு வாத்தியார்டி. கணக்குல தப்பு பண்ணுவாரா?”

“அப்போ வேணும்னே பண்ணாரா?”

“சேச்சே. அதுவும் பண்ண மாட்டாரு.”

தப்பும் செய்யவில்லை, வேண்டுமென்றும் செய்யவில்லை. சுவர் தானாக முளைத்தது போலிருக்கிறது. நான் பேச்சை நிறுத்திவிட்டுப் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகக் கழுவினேன்.

பின்னால் உட்கார்ந்து தைத்தேன். வியாபாரம் என்று எதுவும் நடக்கவில்லை. பழைய வாடிக்கையாளர்கள் ஷட்டர் பக்கம் வந்து டியூஷனில் விசாரிப்பார்கள். வகுப்பு கெடுகிறதே என்ற எரிச்சலில் ஃபார்முலா சந்துப் பக்கம் கை காட்டுவார். அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஏசித் தண்ணீருக்குத் தலையைக் குனிந்துகொண்டு வருவார்கள். ஒரு தடவை வந்தவர்கள் மறுதடவை வரவில்லை. புதியவர்களுக்கு அங்கே ஒரு கடை இருப்பதே தெரியவில்லை. அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். சீருடை தைக்கிற அந்த ஒரு மாதம்தான் என் வருஷத்தையே தூக்கி நிறுத்துவது. அந்த மாதமும் இந்தச் சந்துக்குள் போய்விட்டால் கடையை மூட வேண்டியதுதான். ஒரு மத்தியானம் மெஷின் மேல் தலையை வைத்து அழுதேன். பூனை கதவோரம் நின்று பார்த்தது. அதுவாவது வந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் என் மகளின் ஆண்டுத் தேர்வுத் தாள் கைக்கு வந்தது. கணக்கில் ஒரு வரைபடத்தின் மேல் பெரிய சிவப்புக் கோடு. ‘x = 4 வரைக’ என்று கேட்டிருந்தார்கள். இவள் நான்காவது கோட்டில் ஒழுங்காக, அளவுகோல் வைத்து, குறுக்கே ஒரு படுத்த கோடு போட்டிருந்தாள். பக்கத்தில் பள்ளி டீச்சர், ‘இது y = 4. யார் சொல்லிக் கொடுத்தது?’ என்று எழுதியிருந்தார்.

யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகளோடு சேர்ந்து அவளும்தான் தினமும் கத்திக்கொண்டிருந்தாளே.

“டீச்சர் என்னடி சொன்னாங்க?”

“படுக்கறது எக்ஸ் அச்சுதானாம்மா. எக்ஸ் சமம் நாலு வேறயாம். எக்ஸ் நாலா இருக்கற புள்ளியெல்லாம் வெச்சுப் பாருன்னாங்க. நாலு கமா பூஜ்யம், நாலு கமா ஒண்ணு, நாலு கமா ரெண்டு…” நோட்டில் வைத்துக் காட்டினாள். புள்ளிகள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின.

எனக்கு உடனே பிடிபடவில்லை. “ஒய்யவே காணோமே. அது எங்க போச்சு?”

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “இது என்ன, லிஃப்ட் மாதிரி இருக்கு? கிழக்குச் சுவத்துலேருந்து நாலு மீட்டர்ல குழி. லிஃப்ட் எந்த மாடியில நின்னாலும் அந்த நாலு நாலுதான். மாடி நம்பர்தான் மாறும்.”

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். சொன்னது என்னவென்று அவருக்கே தெரியவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. ஒய் காணாமல் போகவில்லை. அதற்கு ஒரு கட்டுப்பாடும் இல்லை, அதனால்தான் சமன்பாட்டில் பெயரில்லை. எந்த மாடிக்கு வேண்டுமானாலும் அது போகலாம். எக்ஸ் மட்டும் நான்கை விட்டு நகரக்கூடாது. அப்படி நகராமல் நின்றால், கோடு நிமிர்ந்துதான் நிற்கும்.

அதோடு இன்னொன்றும் விளங்கியது. ஃபார்முலா என்னை ஏமாற்றவில்லை. அவருக்கே தெரியாது. கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதியை ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஞாயிறன்று புதுச் சேர்க்கைக்காகப் பெற்றோர் கூட்டம். ஷட்டரை முழுக்கத் தூக்கி, பெஞ்சுகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். மாமாவின் மனைவி, என் ஓரகத்தி, வந்தவர்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். ஃபார்முலா நீல எழுத்துக்குக் கீழே நின்று, “என்கிட்ட வந்த பிள்ளை வரைபடத்துல தப்பே பண்ணாது” என்று பேசிக்கொண்டிருந்தார். நான் என் மகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நானும் ஒரு பெற்றோர்தானே.

“யாருக்காவது சந்தேகம் இருந்தா கேக்கலாம்” என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

“எனக்கு ஒண்ணு மாமா” என்று எழுந்தேன். “பிள்ளைக்கு வீட்டுல சொல்லிக் குடுக்கணும். புள்ளி வைக்கறதுதான் எனக்கு வரமாட்டேங்குது. தரையில வெச்சுக் காட்டுறீங்களா? எல்லாரும் பாத்த மாதிரி இருக்கும்.”

அவர் முகம் மலர்ந்தது. புள்ளி வைப்பதில் அவர் கெட்டிக்காரர்தான், அதில் பொய்யில்லை. “முதல் எண்ணுக்கு வலது பக்கம் போ. ரெண்டாவது எண்ணுக்கு உள்ள போ. அவ்வளவுதான். எந்தப் புள்ளி வேணும்?”

“உதாரணத்துக்கு எங்க போறது? பலகையில சுவர் இருக்கே, எக்ஸ் சமம் பத்து. எக்ஸ் பத்தா இருக்கற புள்ளியா வைங்களேன்.” என் துணி வெட்டும் சாக்பீஸையும் அளவு டேப்பையும் நீட்டினேன்.

அவரே என் மகளைக் கூப்பிட்டார். “பத்து கமா பூஜ்யம்.” அவள் ஷட்டரின் இடது மூலையில் ஆரம்பித்து, பத்தடி வலது பக்கம் அளந்து, வாசல்படியின் நட்ட நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். “பத்து கமா மூணு.” அங்கிருந்து மூன்றடி உள்ளே ஒன்று. “பத்து கமா ஏழு.” இன்னும் நான்கடி உள்ளே ஒன்று. பெற்றோர்கள் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்கள். ஃபார்முலா உற்சாகத்தில் நிறுத்தவில்லை. “பத்து கமா பதினாலு!”

மகள் ஏழடியிலிருந்து நடந்தாள். சுவர் முட்டியது. திரும்பிப் பார்த்தாள்.

“பெரியப்பா, சுவர் குறுக்க இருக்கு.”

“அந்தப் பக்கம் போய் வை” என்றார் அவர். வாய்தான் சொன்னது. கண் அதற்குள் தரையில் இருந்த புள்ளிகள் மேல் போய்விட்டது.

அவள் ஷட்டர் வழியாக வெளியே ஓடி, சந்துக்குள் புகுந்து, என் கடைக்குள் போய், அங்கிருந்தே கத்தினாள்: “வெச்சாச்சு பெரியப்பா! அம்மாவோட மெஷின் பக்கத்துல!”

வாசல்படியில் ஒன்று, உள்ளே ஒன்று, இன்னும் உள்ளே ஒன்று. புள்ளிகள் தெருவிலிருந்து வரிசையாக வந்து, சுவரில் போய் மோதிக்கொண்டு நின்றன. சுவர் அவற்றுக்குக் குறுக்கே, சம்பந்தமே இல்லாமல் நின்றது.

“எல்லாத்தையும் சேத்தா எந்தக் கோடு மாமா வரும்?” என்றேன். “படுத்த கோடா, நின்ன கோடா? எனக்குக் கணக்கு வராது, அதான் கேக்கறேன்.”

முன் வரிசையில் ஒரு அப்பா குனிந்து புள்ளிகளைப் பார்த்தார், நிமிர்ந்து சுவரைப் பார்த்தார், திரும்பி நீல எழுத்தைப் பார்த்தார். இன்னொரு அம்மா சேர்க்கைப் பணத்தைப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

மாமாவின் முகம் வெளுத்துப்போனது. எனக்கே ஒரு நொடி பாவமாக இருந்தது. ‘தப்பு நடந்துபோச்சும்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், நானே அவருக்குத் தண்ணீர் கொடுத்திருப்பேன். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று வாழ்ந்தவர். கரும்பலகையை ஒரு பார்வை பார்த்தார். கண்ணில் வெளிச்சம் வந்தது.

“இரு இரு. ‘வாசல்ல நின்னு உள்ள பாத்தா’ன்னுதானே எழுதியிருக்கு? எந்த வாசல்? நீங்க எல்லாரும் ஷட்டர நினைச்சுட்டீங்க. நான் கட்டினது சந்து வாசல வெச்சு! சந்துல நின்னு பாருங்க. எக்ஸ் இப்படி வருது, ஒய் அப்படிப் போகுது. பத்தாவது அடியில சுவர் நின்ன கோடு! சரியா இல்லையா?”

சரிதான். சதுர ஹால். எந்தப் பக்கம் நின்றாலும் பத்து பத்துதான். பெற்றோர்கள் காற்றில் விரலால் வரைந்து பார்த்துத் தலையாட்டினார்கள். பைக்குள் போன பணம் மறுபடி வெளியே வந்தது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

நானும் தலையாட்டினேன். மனசுக்குள் சந்து வாசலில் போய் நின்று உள்ளே பார்த்தேன். இடது கைப் பக்கம் ஹாலின் பின்பாதி. வலது கைப் பக்கம் தெரு.

“ரொம்பச் சரி மாமா” என்றேன். “அப்போ பலகையில அடுத்த வரியையும் படிச்சிருங்களேன்.”

அவர் படிக்கவில்லை. என் ஓரகத்திதான் படித்தாள். அவளுக்கு வஞ்சகம் தெரியாது, எழுத்துக் கூட்டிச் சத்தமாகவே படித்தாள்: “சுவருக்கு இடது பாதி டியூஷனுக்கு, வலது பாதி தையல் கடைக்கு.” பிறகு சந்துக்கு முதுகைக் காட்டி நின்று, வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். கை ஷட்டரைக் காட்டியது. “ஏங்க, அப்போ இந்த முன்பக்கம் அவளுதுங்க!”

இரண்டே வழி. சுவர் தப்பு என்று சொல்லி இடித்துக் கட்டலாம். முன்பக்கத்தில் பாதி அவருக்குக் கிடைக்கும். இல்லை, சுவர் சரி என்று சொல்லிப் பின்னால் போகலாம். நான் அவர் முகத்தையே பார்த்தேன். இடிக்கச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். எனக்குப் பாதித் தெரு போதும்.

“நாளைக்கு பெஞ்சைப் பின்னாடி மாத்திக்கறோம்” என்றார். “சமன்பாடுன்னா சமன்பாடு.”

என் வீட்டுக்காரர் அன்று வீட்டுக்கு வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, “பாத்தியா, அண்ணன் எவ்வளவு பெருந்தன்மை” என்றார். நான் பாத்திரம் கழுவப் போனேன். இந்தத் தடவை மெதுவாகவே கழுவினேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் வந்தது. இருபதடி ஷட்டரும் என்னுடையது. சீருடை மூட்டைகள் வாசல்வரை வந்தன. பிள்ளைகள் சந்து வழியாக டியூஷனுக்குப் போனார்கள். ஏசித் தண்ணீருக்கு ஃபார்முலா ஒரு தகரம் அடித்தார், வண்டிகளை அப்புறப்படுத்தினார். பூனை மட்டும் இடம் மாறவில்லை.

முதல் வாரம் சுவருக்கு அந்தப் பக்கம் வழக்கமான கோரஸை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பதில் அவர் குரல் மட்டும், நிதானமாக, கேட்டது. “எக்ஸ் சமம் ஆறு. பாட்டுப் பாடாத. புள்ளி வை. ஆறு கமா ஒண்ணு. ஆறு கமா அஞ்சு. எது மாறல? சொல்லு. எது மாறல?” ஒரு பிள்ளை எதையோ தப்பாகச் சொன்னது. அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். என் மெஷின் தானாக நின்றுவிட்டது. நான்தான் காலை எடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை ஒரு டப்பா வெள்ளை பெயின்டும் பிரஷுமாக என் கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. என் பக்கத்துச் சுவரில் இருந்த நீல எழுத்தைக் காட்டினார்.

“அத அழிச்சுக்கவாம்மா?”

“அழிங்க மாமா.”

சீருடைகளைச் சுவரோரத்திலிருந்து தள்ளிப்போட்டேன். ஏணி மேல் ஏறி, அத்தனை வருஷப் பாட்டையும் ஒவ்வொரு எழுத்தாக வெள்ளையடித்தார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இறங்கியதும் கையைத் துடைத்துக்கொண்டு, குறுக்கே நின்ற அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“சுவர் மட்டும் சரியாத்தாம்மா இருக்கு.”

“ஆமா மாமா,” என்றேன். “சந்துல நின்னு பாத்தா.”